ஆமெட்டில் 5 ஆரே நிலம்: எடுக்கலாமா, வேண்டாமா?

பாஸ்புக்_சார்:
பாலித் தீவின் கிழக்குக் கரையில் ஆமெட். ஜெமுலுக், புனுத்தான், லிப்பா என்று கருமணல் கரையில் வரிசையாகக் கிடக்கும் மீனவ ஊர்கள் எல்லாவற்றையும் சேர்த்து வெளியாட்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் மனைவியும் மூன்று முறை போய்வந்தோம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. புனுத்தானில் மலைச்சரிவில் 5 ஆரே நிலம் பார்த்திருக்கிறோம். ஒரு ஆரே என்றால் 100 சதுர மீட்டர். ஐந்தும் சேர்ந்தால் நம் கணக்கில் 12 சென்டுக்குக் கொஞ்சம் மேல். வாசலில் நின்றால் கடல், திரும்பினால் ஆகுங் எரிமலை.

தரகர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று 25 வருடக் குத்தகை, முழுப் பணமும் முதலிலேயே. இன்னொன்று, அவருடைய சித்தப்பா பெயரில் நிலத்தை வாங்கிவிட்டு, நமக்குத் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதித் தருவார்களாம். இது விலை கூட, ஆனால் ‘என்றைக்கும் உங்களுடையது’ என்கிறார். என் மனம் இரண்டாவதில் நிற்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேடான்_மருமகள்:
சார், இரண்டாவதை இப்போதே மறந்துவிடுங்கள். இங்கே அதை நாமினி என்று அழகாகச் சொல்வார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் பினாமி. நான் பாலியின் தலைநகர் தென்பசாரில் பத்திரங்கள் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள், இந்தக் கதை மாதம் ஒன்றாவது மேசைக்கு வரும்.

1960-ஆம் ஆண்டு நிலச் சட்டம் இருக்கிறது. ஹக் மிலிக், அதாவது முழுச் சொந்தம், இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. வெளிநாட்டவருக்குச் சுற்றுவழியில் போய்ச் சேரும்படி செய்த விற்பனை செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்கிறது 26-ஆம் பிரிவு. வங்கியில் இருந்தவர் அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை படியுங்கள். சித்தப்பா தங்கமான மனிதராகவே இருக்கட்டும், அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஹக் பாக்காய் என்று ஒரு உபயோக உரிமை உண்டு. 30 வருடம், பிறகு 20, பிறகு 30 என்று நீட்டிக்கலாம். ஆனால் அதற்கும் குடிவரவு ஆவணங்கள் வேண்டும். கம்பெனி தொடங்கலாம் என்று யாராவது சொன்னால், முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி இந்தோனேசிய ரூபியாவுக்கு மேல் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள்.

மிச்சம் குத்தகைதான். அதிலும் நீட்டிப்புக்கு என்ன விலை என்பதை இன்றே எழுத்தில் வாங்குங்கள். ‘அப்போதைய சந்தை விலை’ என்று எழுதினால் அது நீட்டிப்பே இல்லை. நில உரிமையாளரின் வாரிசுகளும் கையெழுத்துப் போடட்டும். குத்தகைப் பணத்தில் 10 சதவீத வரியை யார் கட்டுவது என்பதையும் பேசிவிடுங்கள். சட்டப்படி அது உரிமையாளர் தலையில், நடைமுறையில் பெரும்பாலும் உங்கள் தலையில்.

ஜூக்குங்_ஜீவா:
அக்கா சொன்ன சட்டம் அத்தனையும் சரி. நான் 2019-இல் 4 ஆரே குத்தகைக்கு எடுத்தவன், 2044 வரை. இரண்டு அறை, ஒரு திண்ணை. பணம் போச்சே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

விடியும் முன் ஜூக்குங் படகுகள் கிளம்பும். இரண்டு பக்கமும் மூங்கில் தாங்கி, மூக்கில் யானையும் மீனும் கலந்த ஒரு முகம், பெரிய கண். வெயில் ஏறும்போது சூரை மீனோடு திரும்பினால் கரையில் நிற்கிற எல்லோரும் தாங்கியைப் பிடித்து மணலில் ஏற்றுவோம். முதல் மாதம் என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். இப்போது நான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். இதை எந்தப் பத்திரத்தில் எழுதுவது?

சந்தேகக்_கேஸ்:
ஜீவா, கவிதை நன்றாக இருக்கிறது. 2044-இல் உங்கள் இரண்டு அறையும் திண்ணையும் யாருக்கு? நிலக்காரருக்கு. 25 வருட வாடகையை முன்கூட்டியே கட்டி, அவருக்கு ஒரு வீட்டையும் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் முதலீடா, மொய்யா?

சாருக்கு 60 வயது என்று வைத்துக்கொள்வோம். குத்தகை முடியும்போது 85. அந்த வயதில் புதுப்பிக்கப் பேரம் பேசுவாரா?

ஜூக்குங்_ஜீவா:
முதலீடு என்று நான் சொல்லவே இல்லையே. சென்னையில் வாடகை வீட்டில் 25 வருடம் இருந்தால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்?

சந்தேகக்_கேஸ்:
அங்கே மாதாமாதம் கட்டுவேன். பிடிக்காவிட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு போவேன். அதுதான் வித்தியாசம். ஆகுங் புகைந்தால் என்ன செய்வீர்கள்? 1963-இல் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். 2017-இல் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள், விமான நிலையத்தையே மூடினார்கள்.

ஜூக்குங்_ஜீவா:
அந்த 1963 வெடிப்புதான் துலாம்பென் கரையில் கிடந்த லிபர்ட்டி கப்பலைக் கடலுக்குள் தள்ளியது. 1942-இல் ஜப்பான்காரன் டார்ப்பிடோ போட்ட கப்பல். இன்றைக்கு இந்தப் பக்கத்து முக்குளிப்புத் தொழிலே அதை வைத்துத்தான் ஓடுகிறது. எரிமலையைத் திட்டுகிறவர் யாரும் இங்கே இல்லை. சரி, பயம் நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

உப்பளத்துப்_பேரன்:
நான் தூத்துக்குடிக்காரன். போன வருடம் பத்து நாள் ஆமெட்டில் இருந்தேன். எல்லோரும் வாங்குபவன் பக்கத்தையே பேசுகிறீர்கள்.

அங்கே உப்பு எடுக்கும் முறை நம் பாத்தி மாதிரி இல்லை. கடல்நீரைத் தோளில் சுமந்து வந்து மண்ணில் தெளித்துக் காயவைத்து, அந்த மண்ணைக் கூம்பு மாதிரிக் கூடையில் போட்டு வடிக்கிறார்கள். வடிந்த நீரைத் தென்னை மரத்தைப் பிளந்து குடைந்த தொட்டிகளில் ஊற்றி வெயிலில் விடுகிறார்கள். தொட்டிக்குப் பெயர் பலுங்கான். நான் பார்த்தபோது ஒரு பெரியவர் விரலை விட்டு உப்புப் பூத்த இடத்தைத் தடவிக் காட்டினார். அவர் களத்துக்கு இரண்டு பக்கமும் விடுதிச் சுவர். கடற்கரை நிலம் சென்ட் சென்டாகப் போனால் உப்பு எங்கே காயும்?

ஜூக்குங்_ஜீவா:
என் நிலம் உப்பளம் இல்லை, கல்லும் முள்ளும் கிடந்த மேட்டு நிலம். அந்தப் பணத்தில் நிலக்காரர் மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். அவரிடம் போய் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று சொல்வீர்களா?

உப்பளத்துப்_பேரன்:
சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மகள் ஊருக்குத் திரும்பி வீடு கட்ட நினைத்தால் 2044 வரை காத்திருக்க வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேடான்_மருமகள்:
இதில் பேரன் பக்கம்தான் நான். சார், இன்னொன்று. அலை ஏறும் கோட்டிலிருந்து 100 மீட்டர் வரை கரையோரப் பாதுகாப்புப் பகுதி. ‘கடலுக்கு நேர் வாசல்’ என்று தரகர் ஆசை காட்டினால் கவனம். 2025 ஜூலையில் தெற்கே பிங்கின் கடற்கரையில் அரசு நிலத்தில் கட்டிய நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள்.

பைதூக்கி:
எதற்கு இத்தனை தலைவலி? நான் லிப்பா பக்கம் இரண்டு மாதம் இருந்தேன், சமையலறையோடு அறை மாதம் 45 லட்சம் ரூபியா. நம் பணத்தில் சுமார் 24 ஆயிரம். வந்திறங்கும்போது தரும் விசா 5 லட்சம் ரூபியா, 30 நாள், ஒரே ஒரு முறை இன்னும் 30 நாள் நீட்டலாம். நீட்டிக்க இந்த மாவட்டத்துக்காரர்கள் சிங்கராஜா அலுவலகத்துக்குப் போக வேண்டும், அதுவும் கடலோரமாக அழகான சாலை. விமான நிலையத்திலிருந்து ஆமெட்டுக்குக் காரில் மூன்று மணி நேரம், அம்லாபுரா தாண்டி, சூலிக் முக்கில் திரும்ப வேண்டும். ஸ்கூட்டர் எடுத்தால் இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச உரிமம் இல்லாமல் ஓட்டாதீர்கள். விழுந்தால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும்.

சந்தேகக்_கேஸ்:
மூன்று மணி நேரம். நெஞ்சு வலி வந்தால்?

ஜூக்குங்_ஜீவா:
முதலில் அம்லாபுரா அரசு மருத்துவமனை. பெரிய வைத்தியம் என்றால் தென்பசார்தான். இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

பாஸ்புக்_சார்:
எல்லோருக்கும் நன்றி. சித்தப்பா வழி வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். ‘எல்லோரும் இப்படித்தான் சார் வாங்குகிறார்கள்’ என்றார். இந்த வசனத்தை வங்கியில் கடன் கேட்டு வந்த எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்.

குத்தகையா, மாத வாடகையா என்பதில் வீட்டில் இன்னும் சண்டை. மனைவி கேட்பது ஒன்றுதான்: சாலையிலிருந்து அந்த நிலத்துக்கு எத்தனை படி? எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு எழுபது இருக்கும். ஜூலையில் போய் எண்ணலாம் என்று இருக்கிறோம்.

ஜூக்குங்_ஜீவா:
ஜூலையில் வராதீர்கள் சார். அப்போது எல்லாமே காய்ந்து அழகாகத்தான் இருக்கும். ஜனவரியில் வாருங்கள், மழை பிடித்து அடிக்கும். கோடையில் வெறும் கல்லாகக் கிடக்கும் ஓடைகள் சாலையை அறுத்துக்கொண்டு ஓடும். உங்கள் 5 ஆரேயில் அது எந்தப் பக்கம் வருகிறது என்று குடை பிடித்து நின்று பாருங்கள். என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். படி பதினொன்றுதான்.