கம்பி ஒன்று சொன்னது, தகடு வேறொன்று சொன்னது

மேக நீரை அளக்கும் மூவர், தாங்கள் ஏமாந்த கதையைச் சொல்கிறோம். விமானத்தில் பனி படிவதை ஆராயும் காற்றுச் சுரங்கத்தில் எனக்கு அது முதல் வருடம். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் நீர் என்பதைச் சூடேற்றிய கம்பியால் அளந்தோம். மோதும் துளிகளை ஆவியாக்க எத்தனை வாட் செலவாகிறதோ, அதிலிருந்து நீரின் கணக்கு வரும். சரிபார்க்கப் பழைய முறை ஒன்றும் உண்டு: சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள உலோகத் தகட்டைச் சில நொடிகள் நீர்த் தெளிப்பில் காட்டி, விளிம்பில் உறைந்த பனிக்கட்டியின் தடிமனை அளக்க வேண்டும்.

தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வெதுவெதுப்பான உலோகம் பட்டதும் பனி இளகியது. அளவு கண்ணெதிரே குறைந்தது. அளக்கும் கருவியும் உறைகுளிரில் கிடக்க வேண்டுமாம். அன்றைய உழைப்பு முழுவதும் வீண்.

மறுநாள் சிறு துளிகளில் கம்பியும் தகடும் ஒத்துப்போயின. பெருந்துளிகளுக்கு மாறியதும் கம்பி குறைத்துச் சொல்லத் தொடங்கியது. நான் தகட்டைத்தான் சந்தேகப்பட்டேன். உண்மையில், மெல்லிய கம்பியில் மோதும் பெருந்துளி ஆவியாகும் முன்பே சிதறிப்போகிறது. 1994இல் அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே 68 பேரோடு விழுந்த ஏடிஆர் விமானம் சிக்கியது இத்தகைய பெருந்துளிகளில்தான்.

* * *

நான் இரண்டாமவன்; விமானத்தில் பறந்து மேகத்துக்குள்ளேயே அளப்பவன். இரண்டு மில்லிமீட்டர் தடிமனும் இரண்டு சென்டிமீட்டர் நீளமும் உள்ள கம்பி, நொடிக்கு 100 மீட்டர் வேகம், கன மீட்டருக்கு 0.5 கிராம் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துளிகள் எடுப்பது ஐந்து வாட் சொச்சம்தான். வறண்ட காற்றே அதைவிடக் கூடுதலாகப் பறித்துக்கொண்டு போகும். அதைச் சரியாகக் கழிக்காமல், தெளிந்த வானத்தில் மேகம் கண்டுபிடித்த பெருமை எனக்கு உண்டு.

பனிப் படிகங்களைப் பிடிக்கக் குழிந்த கூம்பு ஒன்றைச் சூடேற்றி வைத்திருந்தோம். அதிவேகக் கேமராவில் பார்த்தால், உள்ளே விழுந்த படிகங்கள் உருகும் முன்பே வெளியே துள்ளி ஓடின! முந்தைய பறப்புகளின் பதிவேடுகளைத் திறக்கவே மனம் வரவில்லை. கூம்பை ஆழமாக்கிய பிறகுதான் நிலைமை தேறியது.

* * *

மூன்றாமவனான என்னுடைய குழுவின் கூத்து நேர்மாறானது: பனியைத் தவறவிடவில்லை, அதைத் திரவ நீர் என்று எண்ணிவிட்டோம். வெளியே மைனஸ் 45 டிகிரி. அந்தக் குளிரில் மேகத்துளி உறையாமல் இருக்க வழியே இல்லை. கம்பியோ திரவ நீர் இருப்பதாகச் சாதித்தது. மோதும் படிகங்களில் ஒரு சிறு பங்கை அதுவும் உருக்கி ஆவியாக்கிவிடுகிறது, அவ்வளவுதான். இப்போது அத்தகைய மேகத்துக்குள் வேண்டுமென்றே நுழைந்து, கம்பி எவ்வளவு உளறுகிறது என்று குறித்துக்கொள்கிறோம். திரவமும் பனியும் கலந்த மேகங்களில் அந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் எதையும் எழுதுகிறோம்.