இருபது வருடமாக நிரம்பாத குழி

ஆற்றங்கரை மகள்:

எங்கள் வீட்டுக் கழிப்பறைக் குழியைப் பற்றி வாப்பாவுக்கு ஒரே பெருமை. "கட்டி இருபது வருடம் ஆகிறது, ஒருமுறைகூட லாரியைக் கூப்பிட்டதில்லை" என்பார். தெருவில் யார் வீடு கட்டினாலும் எங்கள் குழியை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அது ஆறு உறைகள் இறக்கிக் கட்டிய குழி. அடியில் சிமெண்ட் கிடையாது, வெறும் மணல்.

போன வருடம் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாய்ப்பால் போதாமல் குழந்தைக்குப் பால்மாவு கலக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்த செவிலியர், எந்தத் தண்ணீரில் கலக்கிறீர்கள் என்று கேட்டார். கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தான், நன்றாகக் காய்ச்சித்தான் கலக்கிறோம் என்றேன். "காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டினால் அது கூடத்தான் செய்யும்" என்றார். பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தோம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டின் தர அளவு. எங்கள் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தது. அளவு மீறினால் பச்சிளங்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாய்ந்துவிடுமாம். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர் அது. கடற்கரையில் இருந்தும் உப்புக் கரிக்காது. அந்தக் கிணற்றுக்காகவே உம்மா இந்த மனையை விடக் கூடாது என்று அடம்பிடித்து வாங்க வைத்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குழி நிரம்பவில்லை என்றால் போனதெல்லாம் எங்கே போயிற்று? ஒரு மனிதர் வருடத்துக்கு ஏறத்தாழ நான்கு கிலோ நைட்ரஜனை வெளியேற்றுகிறார். அதில் பெரும்பகுதி சிறுநீரில்தான் போகிறது. நாங்கள் ஆறு பேர். கசடு அடியில் தங்குகிறது, நீர் மணலில் இறங்குகிறது. அதிலிருக்கும் அம்மோனியா மணலில் காற்றுப்பட்டு நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டை மணல் பிடித்து வைக்காது, நிலத்தடி நீர் போகும் இடத்துக்கெல்லாம் அதுவும் போகும். எங்கள் ஊரில் அந்த நீர் போய்ச் சேரும் இடம் வைகையின் முகத்துவாரம்.

அங்குதான் வாப்பா வலை போடுகிறார். நைட்ரேட் பாசிக்கு உரம். கொஞ்ச வருடமாக வலையை உதறும்போது கண்ணிக்குக் கண்ணி பச்சை நூலாகப் பாசி சுற்றிக்கொண்டு வருகிறது. நகத்தால் கீறி எடுக்க வேண்டும். காய விட்டால் காகிதமாக மொடமொடத்து வலையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நான் சிறுமியாக இருந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கீழே தாழை என்கிற கடற்புல் தெரியும், அதற்குள் ஓரா மீன் கூட்டமாக மேயும். இப்போது ஒரு தாழை இலையைப் பறித்துப் பார்த்தேன். இலை முழுக்கப் பழுப்பு மாவு அப்பியது போல் இருந்தது. விரலால் வழித்த பிறகுதான் பச்சை தெரிந்தது. வெயில் படாமல் அந்த இலை எப்படி உயிர் வாழும்?

இத்தனையும் எங்கள் வீட்டுக் குழியால் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எல்லாக் குழியும் எங்கள் குழியைப் பார்த்துக் கட்டியவை. உங்கள் ஊரில் யாராவது இதை மாற்றிப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

தங்கச்சிமடம் நாற்றுக்காரர்:

தங்கச்சி, நீங்கள் குழியைச் சொன்னீர்கள், நான் யூரியாவைச் சொல்கிறேன்.

எங்களுக்கு மல்லிகை நாற்றுத்தான் பிழைப்பு. வீட்டை ஒட்டியே பாத்தி. எல்லாம் மணல், காலையில் விட்ட தண்ணீர் நடுப்பகலில் இருந்த இடம் தெரியாது. இலை வெளுத்தால் கைப்பிடி கைப்பிடியாக யூரியாவை வீசுவோம். ஒரு ஐப்பசியில், மழை வந்தால் நன்றாகக் கரையும் என்று முதல் நாள் மாலை வீசினேன். இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது. ஒரு வாரத்தில் நாற்று மறுபடியும் வெளுத்து நிற்கிறது. போட்டது அத்தனையும் வேருக்குக் கீழே இறங்கிவிட்டது. காசு போன வருத்தம்தான் அன்று இருந்தது. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அது எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ராமேஸ்வரம் தீவில் எந்தப் பக்கம் போனாலும் கடல்தானே.

45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது இருபது கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் கணக்கின்படி ஐந்து பேர் ஒரு வருடம் வெளியேற்றுவது ஒரே மூட்டையில் இருக்கிறது. காற்றில் போனதைக் கழித்தாலும் உங்கள் குழி இருபது வருடத்தில் விழுங்கியது சிறிய கணக்கில்லை.

இப்போது மேகம் கட்டினால் மூட்டையைத் தொடுவதில்லை. ஆட்டெரு அடியில் போட்டு, யூரியாவைத் தண்ணீரில் கரைத்து, முன்பு ஒரு தடவையில் போட்டதை நான்கு தடவையாகப் பிரித்து ஊற்றுகிறேன். பாதிக்குப் பாதி மூட்டை மிச்சமாகிறது. நாற்றில் ஒரு குறையும் இல்லை.

சின்னப்பாலம்:

2019-இல் கடல் பச்சையானது நினைவிருக்கிறதா? எங்கள் ஊரில் அதைப் பூங்கோரை என்பார்கள். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கினால் தன் கையே தெரியவில்லை என்று வெறுங்கையோடு திரும்பினார். கரையில் பாறை மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, மன்னார் வளைகுடாவின் சிங்கில் தீவுப் பக்கம் பவளப்பாறைகளும் செத்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். காற்று, நீரோட்டம், கடல் அசையாமல் கிடப்பது எல்லாம் சேர்ந்துதான் பூங்கோரை வரும், வீட்டுக் கழிவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் ஏற்கெனவே தவிக்கிற கடலுக்கு நாமும் தீனி போடக் கூடாது அல்லவா? கரையோரம் தண்ணீர் கலங்கினால் அம்மாவுக்கு அன்று கூலி இல்லை.

ஒரு சந்தேகம். சோப்புத் தண்ணீரை நிறுத்தினால் போதாதா?

ஆற்றங்கரை மகள்:

நானும் முதலில் சோப்பைத்தான் நினைத்தேன். சோப்பிலும் சலவைத் தூளிலும் நைட்ரஜன் மிகக் குறைவு. குளத்துப் பாசி பெருகுவது பெரும்பாலும் பாஸ்பரஸைப் பொறுத்தது, கடல் பாசி பெருகுவது பெரும்பாலும் நைட்ரஜனைப் பொறுத்தது. சோப்பைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் நம் கடலுக்கு முதல் வேலை கழிப்பறையில் இருக்கிறது.

தேவிபட்டினம் கொத்தனார்:

முப்பது வருடமாகக் குழி கட்டுகிறவன் நான். இதைப் படித்தபோது நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. "தண்ணீர் ஊறுகிற வரைக்கும் தோண்டுங்கள், அப்போதுதான் நிரம்பாது" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நானும் தோண்டிக் கொடுத்திருக்கிறேன். நிரம்பாத குழி கட்டுகிறவர் என்றுதான் எனக்குப் பெயரே. தண்ணீர் மட்டத்துக்குள் குழியை இறக்கினால் அது குழி இல்லை தங்கச்சி, கிணற்றுக்குள் நேராக ஊற்றுவதற்குச் சமம்.

ஐந்து வருடத்துக்கு முன் திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் என்னை வேறு மாதிரி கட்டச் சொன்னார்கள். அடியும் பக்கமும் பூசிய இரண்டு அறைத் தொட்டி. அதிலிருந்து வருகிற நீரை ஆழத்துக்கு விடாமல், ஒன்றரை அடி ஆழ வாய்க்காலில் உடைகல் பரப்பி, துளையிட்ட குழாய் வழியாக விட்டோம். இரு பக்கமும் கல்வாழையும் வாழையும். வேர் எட்டுகிற ஆழத்தில் நீர் போனால் செடி கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, மேல்மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் கொஞ்சத்தைக் காற்றாக மாற்றி அனுப்பிவிடுகிறது. முழுவதும் நின்றுவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். போன மாதம் அந்த வழியாகப் போனேன். வாழை அடிமரம் என் தொடைக்கு மேல் பருத்திருந்தது. அந்த அக்கா ஒரு சீப்பு அறுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார், வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, சாப்பிட்டேன்.

இந்த மாதிரித் தொட்டி நிரம்பும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வர வேண்டும். அந்த லாரி ஓடையில் கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா என்றும் கேளுங்கள். ஓடையில் கொட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆற்றங்கரை மகள்:

அண்ணன், உங்கள் பதிவை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு நாள் நம் வலைக்குள்தான் ஊற்றிக்கொண்டிருந்தோமா" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

குழந்தைக்கு இப்போது கேன் தண்ணீர் வாங்குகிறோம். முசிறியில் சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் கழிப்பறை கட்டி, அதை வாழைக்கு உரமாக விட்டார்கள் என்று படித்ததிலிருந்து, தம்பி மட்டும் கொல்லையில் ஒரு குடம் வைத்து, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து முருங்கைக்கு ஊற்றுகிறான். உம்மா முகம் சுளித்தார். முருங்கை தழைத்த பிறகு ஒன்றும் சொல்வதில்லை. ஐப்பசி மழைக்கு முன் குழியை மாற்ற வேண்டும். எங்கள் கொல்லையில் கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே முப்பது அடிதான் இருக்கிறது. அதற்குள் வாய்க்கால் போட இடம் வருமா?

தேவிபட்டினம் கொத்தனார்:

கிணற்றுப் பக்கம் வேண்டாம், தெருப் பக்கம் எடுப்போம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வாப்பா வீட்டில் இருப்பார் என்றால் அன்றே வந்து அளந்துவிடுகிறேன். நான் வரும்வரை யாரும் குழி மூடியைத் திறக்க வேண்டாம், இருபது வருட வாயு உள்ளே இருக்கும். தெருவில் உங்கள் குழியைப் பார்க்க வந்தவர்கள் என்று எழுதினீர்களே, அவர்களையும் வரச் சொல்லுங்கள்.