மறுமொழி: மிஸ்டைரக்‌ஷன் - திசைதிருப்பலா, பராக்கா?

வணக்கம் நண்பர்களே,

நம் மந்திரவித்தைக் கையேட்டுக்கான தமிழ்ச் சொற்களைப் பற்றிய பேச்சின் தொடர்ச்சி இது. வித்தைக்காரர் இரகசிய வேலையைச் செய்யும்போது பார்ப்பவரின் கவனம் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் மிஸ்டைரக்‌ஷன்.

பிரிக்பீல்ட்ஸ் ஐயா நேற்று எழுதியது:

> மிஸ்டைரக்‌ஷனுக்குத் 'திசைதிருப்பல்' போதும். ஊரறிந்த சொல். புதிதாக ஒன்றை ஏன் தேட வேண்டும்?

ஐயா, ஊரறிந்த சொல் என்பதே எனக்கு இடிக்கிறது. திசைதிருப்பல் என்றதும் நினைவுக்கு வருவது நாளிதழ் அரசியல்தான்: பிரச்சினையைத் திசைதிருப்புகிறார், விசாரணையைத் திசைதிருப்புகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வித்தையில் நடப்பது என்ன என்பதையே அந்தச் சொல் தவறாகச் சொல்கிறது, அதுதான் சங்கடம்.

பினாங்குக் கூட்டத்துக்கு வராதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடுகிறோம். ஆளுக்கொரு வித்தை செய்துகாட்டுவார்கள். பிறகு தே தாரேக்கும் வடையும் வரும், செய்ததைப் பிரித்துப் பேசுவோம். போன தடவை படிவம் ஐந்து படிக்கும் தம்பி ஒருவன் பிரெஞ்ச் டிராப் செய்தான். இடது கையில் இருக்கும் காசை வலது கை எடுத்துக்கொள்வது போலத் தோன்றும், காசு இடது கையிலேயே தங்கிவிடும். (எந்தத் தொடக்கநிலைப் புத்தகத்திலும் உள்ளதுதான், கூட்டத்தின் இரகசியம் எதையும் நான் வெளியே விடவில்லை.) கை வேலை சுத்தம். ஆனாலும் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டோம், காரணம் அவன் கண். வலது கையை மூடியதும் ஓரக்கண்ணால் இடது கையை ஒரு பார்வை பார்த்தான்.

கூட்டத்தில் மூத்தவர் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தார். "காசு எங்க இருக்குன்னு நீயே மறந்துடணும் தம்பி. வலது கையைப் பாரு. அப்புறம் நிமிர்ந்து, முன்னால உட்கார்ந்திருக்கவங்ககிட்ட பேரைக் கேளு."

மறுபடி செய்தான். பேரைக் கேட்டான். கேட்கப்பட்டவர் அவன் முகத்தைப் பார்த்தார், நாங்கள் பதில் சொல்லப்போகிறவரைப் பார்த்தோம். இடது கை சாவகாசமாகக் கால்சட்டைப் பைக்குள் போய்விட்டு வெளியே வந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை, விளக்கு வெளிச்சம் முழுக்க அந்தக் கையின் மேல்தான் இருந்தது. முறை தெரிந்தவர்களே கோட்டை விட்டோம்.

அப்படியானால் எங்கள் கண் வேறு திசைக்குத் திரும்பியதுதானே காரணம், திசைதிருப்பல் என்றால் என்ன தப்பு என்று ஐயா கேட்பார். இங்கேதான் 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். குஸ்தாவ் குன் மந்திரவித்தைக்காரராக இருந்து உளவியல் ஆய்வாளரானவர். அவரும் பெஞ்சமின் டாட்லரும் சேர்ந்து, சிகரெட் மறையும் வித்தை ஒன்றைப் பார்ப்பவர்களின் கண்ணசைவைக் கருவி வைத்து அளந்தார்கள். சிகரெட் மறையவே இல்லை. எல்லாரும் பார்க்கும்படியே மடியில் விழுந்தது. விழுந்ததைக் கண்டவர்களுக்கும் காணாதவர்களுக்கும் அந்த நொடியில் கண் நின்ற இடத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கண் எங்கே இருந்தது என்பது பொருட்டில்லை, கவனம் எங்கே இருந்தது என்பதுதான் பொருட்டு.

ஆகவே 'திசை' அடிபடுகிறது. 'பார்வை' என்று தொடங்கும் பரிந்துரைகளும் சேர்ந்தே அடிபடுகின்றன. மலாய்க்காரர்கள் சிலாப் மாத்தா என்கிறார்கள், நாம் கண்கட்டு வித்தை என்கிறோம். இரண்டு மொழியும் பழியைக் கண்ணின் மேல் போடுகின்றன. கலைக்குப் பொதுப்பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும், நுட்பத்தின் பெயருக்கு உதவாது.

அதனால்தான் 'பராக்கு' என்கிறேன். கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கும் பையனிடம்தான் ஆசிரியர் கேட்பார்: "என்னடா பராக்குப் பார்த்துக்கிட்டு இருக்க?" கண் இருக்கிறது, ஆள் இல்லை. குன் அளந்தது இதைத்தான். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்கு "அதோ பூனை பாரு" என்று பாட்டி பராக்குக் காட்டுவதும், வாய் திறந்த நேரத்தில் கவளம் உள்ளே போவதும் நம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான்.

பட்டர்வொர்த் தங்கச்சியின் தடை:

> பராக்கு என்பது பார்ப்பவரின் குறையல்லவா அண்ணா? வித்தைக்காரர் திட்டமிட்டுச் செய்வதற்கு அது எப்படிப் பெயராகும்?

வினையை மாற்றினால் சரியாகிவிடும் தங்கச்சி. பார்த்தால் அவர் குறை, காட்டினால் நம் திறமை. வித்தைக்காரர் பராக்குக் காட்டுகிறார், பார்ப்பவர் பராக்காக இருந்துவிடுகிறார். ஒரே சொல் இரண்டு பக்கமும் போகிறது. திசைதிருப்பலை இப்படி வளைத்துப் பாருங்கள், 'திசைதிரும்பியவராக' என்று ஏதோ வரும், வாயில் நுழையாது. கைதட்டலோ சிரிப்போ அடங்குவதற்குள் கூட்டம் தளர்ந்திருக்கும் நேரத்தைப் 'பராக்கு நேரம்' என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

கூத்தில் கட்டியக்காரன் "பராக்! பராக்!" என்று கூவுவது கவனியுங்கள் என்பதற்குத்தானே, இது நேரெதிர்ப் பொருள் ஆயிற்றே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். எனக்கு இது இரட்டை லாபம். இங்கே கவனியுங்கள் என்று சொல்லித்தானே அங்கே கவனியாமல் செய்கிறோம்? வடசொல் என்ற குறைக்குப் பதில், 'வித்தை'யும் வடசொல்தான்.

மற்றவற்றை விரைவாக முடிக்கிறேன். கிண்ணமும் பந்தும் வைத்துச் செய்வதற்குப் புதுச்சொல் தேவையில்லை, செப்பிடு வித்தை இருக்கிறது. செப்பு என்றால் சிமிழ். காசையோ சீட்டையோ கைக்குள்ளேயே மறைத்து வைக்கும் பாமிங்குக்குக் 'கரவு' என்று வந்த பரிந்துரைக்கு என் முழு ஆதரவு. கரத்தல் என்றால் மறைத்தல். "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்ற குறளில் உள்ள அதே வினை. உள்ளங்கைக் கரவு, விரற்கரவு என்று வகை பிரிக்கவும் இடம் தருகிறது. கையேட்டில் அந்தப் பகுதியை எழுதுபவர் காசின் அளவையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்க அரை டாலர் 30 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், கட்டைவிரல் மேட்டுக்கும் எதிர்ச் சதைக்கும் நடுவே வாகாக உட்காரும். 2012-இல் வந்த நம் மலேசிய 50 சென் காசு 23 மில்லிமீட்டர்கூட இல்லை, பெரிய கைக்காரர்களுக்கு நழுவிவிடும். பழைய 50 சென் அதைவிடப் பெரியது, வீட்டு உண்டியலில் இருந்தால் பிள்ளைகளுக்கு அதையே கொடுங்கள்.

நாம் நினைத்த சீட்டையே பார்ப்பவர் எடுக்கும்படி செய்யும் ஃபோர்ஸுக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 'திணிப்பு' வேண்டாம், சீட்டு வித்தையா மொழிப்போராட்டமா என்று குழம்பிப்போவார்கள். தவிர, திணித்தது தெரிந்துவிட்டால் அது ஃபோர்ஸே இல்லை, தானாக எடுத்ததாக அவர் நம்ப வேண்டும். 'தலையில் கட்டுதல்' பொருளுக்கு அருகில் வருகிறது, பெயர்ச்சொல்லாக்கினால் 'தலைக்கட்டு' ஆகிக் கோயில் வரி வசூலுக்குப் போய்விடுகிறது. சந்தையில் சரக்கைத் 'தள்ளிவிடுவது' போல ஏதாவது யாருக்காவது தோன்றினால், அடுத்த கூட்டத்துக்கு முன் எழுதுங்கள்.

அன்புடன்,
ஜெலுத்தோங்கிலிருந்து