எட்வர்ட் பால்ஃபர்: ராணுவ டாக்டர் ஒருவர் எழும்பூர் மியூசியத்தைத் தொடங்கியது எப்படி?

நூல்கண்டு:
எழும்பூர் அருங்காட்சியகம் பற்றி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பேசவேண்டும். குறிப்பு எடுக்கும்போதே இடிக்கிறது. தொடக்கம் ஒரு புத்தகத்தில் 1851, இன்னொன்றில் 1854. நிறுவியவர் பால்ஃபர் என்கிறார்கள். முதல் பொருட்களைக் கொடுத்தது இலக்கியச் சங்கம் என்றும் சொல்கிறார்கள். பால்ஃபரோ டாக்டர், அவருக்கு அங்கே என்ன வேலை? ‘செத்த காலேஜ்’ என்ற பேர் ஏன் வந்தது என்றும் யாராவது சொன்னால் புண்ணியம்.

கல்தச்சன்:
இரண்டு வருடமும் சரிதான், இடம்தான் வேறு. மெட்ராஸ் இலக்கியச் சங்கத்திடம் சுமார் 1,100 கனிம, பாறை மாதிரிகள் சும்மா கிடந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி வாங்கி, 1851-ல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் மியூசியம் வைத்தார்கள். கம்பெனி அதிகாரி எல்லிஸ் துரை தொடங்கிய அதே கல்லூரி. டிபிஐ வளாகம் என்று அழைக்கப்பட்டு, இன்று பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்ற பெயரில் இருக்கும் இடம். முதல் பொறுப்பாளர் பால்ஃபர். இடம் போதாமல் 1854 டிசம்பரில் எழும்பூரில் பாந்தியன் என்ற மாளிகைக்கு மாறினார்கள். அங்கே அதற்கு முன் கலெக்டர் கச்சேரி, அதாவது அலுவலகம், நடந்தது. பேசும்போது “1851, கல்லூரிச் சாலை, 1854, பாந்தியன்” என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், குழப்பம் வராது.

இடம் மாறினாலும் ஜனங்கள் ‘காலேஜ்’ என்ற சொல்லை விடவில்லை. பாடம் பண்ணி வைத்த மிருகங்கள் இருந்த இடம் செத்த காலேஜ். உயிரோடு இருந்தவற்றின் இடம் உயிர் காலேஜ்.

மருந்துப்பெட்டி:
டாக்டருக்கு என்ன வேலை என்றால், அந்தக் காலத்து மருத்துவப் படிப்பில் தாவரவியலும் ரசாயனமும் உண்டு. மாதிரி சேர்ப்பது, கெடாமல் காப்பது, சீட்டு ஒட்டுவது எல்லாம் கைப்பழக்கம். பால்ஃபர் 1813-ல் ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோஸில் பிறந்து, எடின்பரோவில் படித்து, 1834-ல் உதவி சர்ஜனாக இந்தியா வந்தார். எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள். எந்த ராணுவப் பாளையத்தில் எத்தனை சிப்பாய்கள் சாகிறார்கள் என்று கணக்கெடுத்து, ஊருக்கு ஊர் ஒப்பிட்டார். 1849-லேயே மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். 1857-ல் இந்தியக் கலைக்களஞ்சியம். 1885-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு மூன்று பெருந்தொகுதிகள். அவர் நினைத்த மியூசியம் அழகுப் பொருள் கூடம் இல்லை. இந்த மாகாணத்து மண்ணிலும் காட்டிலும் என்ன விளைகிறது, அது எதற்குப் பயன்படும் என்று காட்டும் மாதிரிக் கிடங்கு.

1859-ல் பொறுப்பை விட்டார். பிறகு பெங்களூர் மியூசியம் உருவானதிலும் அவர் கை உண்டு. 1871 முதல் மதராஸின் சர்ஜன் ஜெனரல், அதாவது தலைமை மருத்துவ அதிகாரி. 1875-ல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது கதவு திறந்துவிட்டவர்களில் ஒருவர். இது எப்படியோ மியூசியக் கதையில் விட்டுப்போகிறது, தயவுசெய்து சேருங்கள். 1889-ல் லண்டனில் இறந்தார்.

புலிக்குட்டி:
கூட்டம் வந்தது கல்லுக்காக இல்லை! மியூசியத்தில் உயிரோடு ஒரு புலியும் சிறுத்தையும் வைத்ததும் ஜனம் பெருகியதை பால்ஃபர் கவனித்தார். அப்போது அவருக்கு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையோடு அலுவல் தொடர்பு இருந்தது. ஆற்காட்டு நவாபிடம் பேசி அவரிடமிருந்த மிருகங்களைக் கேட்டு வாங்கினார். 1855-ல் பாந்தியன் தோட்டத்திலேயே மிருகக்காட்சி சாலை. கொஞ்ச நாளில் முந்நூறுக்கு மேல் உயிர்கள். 1863-ல் அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது, 1985-ல் வண்டலூர். ஆக, வண்டலூருக்கும் மூலவர் இவர்தான்.

கல்தச்சன்:
ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியின் சிற்பக் கற்களை விட்டுவிட்டோமே. கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845-ல் தோண்டி எடுத்து மதராஸுக்கு அனுப்பியவை. பல வருடம் வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் கிடந்தன. பால்ஃபர் காலத்தில்தான் மியூசியக் கணக்கில் சேர்ந்தன. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் படம் பிடித்தார். 121 கற்கள் 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டன.

மீதி இருந்தவற்றுக்குப் பிறகு நேர்ந்ததுதான் கொடுமை. சுவரில் காரை வைத்துப் பதித்தார்கள். அது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். சுவரின் ஈரம் உப்பைக் கரைத்துக் கல்லுக்குள் ஏற்றும். ஈரம் காயும்போது மேல்தோலுக்கு அடியில் உப்பு படிகமாகிப் பொருக்கு பொருக்காக உரிக்கும். முதலில் போவது மெல்லிய செதுக்கல்: விரல், மூக்கு, மணிமாலை. இது பால்ஃபர் போனபிறகு நடந்தது, அவர் தலையில் கட்டவேண்டாம்.

நூல்கண்டு:
மிக்க நன்றி. பிள்ளைகளை அழைத்துப் போனால் ‘பால்ஃபர் கட்டியது’ என்று எதைக் காட்டலாம்?

மருந்துப்பெட்டி:
எதையும் காட்டாதீர்கள். சிவப்புக் கட்டடங்கள் எல்லாம் அவருக்குப் பிந்தியவை. கன்னிமாரா நூலகம் 1896, விக்டோரியா நினைவு மண்டபம் 1909. செப்புத் திருமேனிகளிலும் பெரும்பகுதி, மண்ணில் கிடைத்ததை அரசுக்குத் தெரிவிக்கச் சொன்ன 1878 புதையல் சட்டத்துக்குப் பிறகு வந்தவைதான். கனிமப் பகுதிக்குக் கூட்டிப்போங்கள். வழக்கமாகப் பிள்ளைகள் ஓடிக் கடந்துவிடும் கூடம் அது, ஆனால் மியூசியம் தொடங்கியது அந்த மாதிரிக் கற்களில்தான்.