மரபணுப் பிறழ்வு குறைந்த கட்டிக்கு இம்யூனோதெரபி எதற்கு?

இளம்பரிதி:
ரத்தத்தில் கால்சியம் ஏறுகிற சிறுசெல் சினைப்பைப் புற்றுநோய் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது இம்யூனோதெரபியை, அதாவது நம் நோய் எதிர்ப்புச் செல்களையே புற்றுக்கு எதிராக ஏவும் சிகிச்சையை, முன்னே வைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. புற்றுச்செல்லை டி செல் என்ற எதிர்ப்புச் செல் அந்நியமாகப் பார்க்க, அதில் மாறிப்போன புரதங்கள் நிறைய வேண்டும். மெலனோமா என்ற தோல் புற்றில் உண்டு. இங்கே பெரும்பாலும் ஸ்மார்க்ஏ4 என்ற ஒரே மரபணுதான் கெட்டிருக்கிறது. திரும்பி வந்த சினைப்பைப் புற்றுநோய்க்கான கீநோட்-100 ஆய்வில் 376 பேர் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை எடுத்தார்கள். கட்டி சுருங்கியது சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான்.

கயல்விழி:
கணக்கு சரிதான் இளம்பரிதி. ஆனால் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் திசு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இந்த நோயை உறுதிசெய்ய, ஸ்மார்க்ஏ4 மரபணு உருவாக்கும் பிஆர்ஜி1 புரதத்துக்குச் சாயம் போடுவோம். ஸ்மார்க்ஏ4 கெட்டுப்போனதால் புற்றுச்செல்களின் உட்கரு அந்தச் சாயத்தைப் பிடிக்காது, வெறும் நீலமாகக் கிடக்கும். அந்த நீலத்துக்கு நடுவே சில உட்கருக்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். ரத்தக்குழாய்ச் சுவர், அப்புறம் டி செல் போன்ற லிம்போசைட்டுகள். நோயைக் கண்டுபிடிக்கப் போட்ட சாயமே, எதிர்ப்புச் செல்கள் உள்ளே வந்திருப்பதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

2018-இல் வெளியான ஆய்வில் இந்தக் கட்டிகள் பெரும்பாலானவற்றில் டி செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதம் இருந்தது, டி செல்களும் இருந்தன. அந்த அடக்குதலை விலக்கும் பிடி-1 தடுப்பு மருந்து (பெம்ப்ரோலிசுமாப் இந்த வகைதான்) எடுத்த 4 பெண்களுக்கும் பலன் கிடைத்தது. டி செல் எட்டியே பார்க்காத கட்டி வேறு, வந்த டி செல்லைக் கட்டிப்போட்டிருக்கும் கட்டி வேறு.

பிறழ்வு குறைவாக இருந்தும் டி செல்கள் ஏன் வருகின்றன? டிஎன்ஏ சுருளை அவிழ்க்கும் புரதக்கூட்டத்தில் ஒன்று பிஆர்ஜி1. அது இல்லாதபோது, நம் மரபணுத் தொகுப்பில் உறங்கும் பழைய வைரஸ் துணுக்குகள் விழித்துக்கொண்டு எச்சரிக்கை எழுப்பலாம் என்பது என் ஊகம். நெருங்கிய உறவான ராப்டாய்ட் கட்டிகளில் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

இளம்பரிதி:
வெறும் 4 பேர்! பலன் கிடைத்தவர்களைப் பற்றித்தான் கட்டுரை எழுதுவார்கள். கிடைக்காதவர்களை யார் எழுதுகிறார்கள்? குடல் அழற்சி, நுரையீரல் அழற்சி, அரிதாக இதயத்தசை அழற்சிகூட வரும் மருந்து இது. சராசரி வயது 24 என்று சொல்லப்படும் நோய். முறையான அறுவையையும் கீமோவையும் விட்டுவிட்டு இதன் பின்னால் ஓடினால்?

தேன்மொழி:
விட்டுவிட்டு யாரும் ஓடவில்லை தம்பி. என் தங்கைக்கு 22 வயது. முதல் அறிக்கையில் வேறொரு கட்டியின் பெயர் இருந்தது. பிஆர்ஜி1 சாயம் போடவே மூன்று வாரம் ஆனது. அறுவை, கீமோ எல்லாம் முடித்தோம், இரண்டே மாதத்தில் திரும்பிவிட்டது. மருந்துச் சோதனை ஏதாவது நடக்கிறதா என்று கேட்டோம். "இவ்வளவு அரிதான நோய்க்கு யாரம்மா நடத்துவார்கள்?" என்றார்கள். ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு வேண்டும் என்றால், இந்த நோய்க்கு அது எந்தக் காலத்தில் வரும்?

இளம்பரிதி:
மன்னியுங்கள் அக்கா. திரும்பி வந்த நோய்க்கு, கட்டியில் டி செல்கள் இருப்பது தெரிந்தால், கொடுத்துப் பார்க்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் சிகிச்சையின் இடத்தில் அதை வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். அப்புறம், பலன் இல்லாமல் போனவர்களின் விவரமும் ஒரே பதிவேட்டில் சேர வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கயல்விழி:
அதில் நானும் உங்கள் பக்கம்தான். தேன்மொழி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தங்கையின் ரத்தத்திலும் ஸ்மார்க்ஏ4 பார்த்தார்களா? சிலருக்கு இந்தப் பிறழ்வு பிறவியிலேயே இருக்கும். அப்படியென்றால் உங்களுக்கும் சோதனை தேவைப்படும். இன்னும் பார்க்கவில்லை என்றால் மரபணு ஆலோசகரிடம் நாள் கடத்தாமல் பேசுங்கள்.