20 வருஷத்துக்கு மேல் பழசான விமானம்: ஏறலாமா?

கேள்வி:
டிக்கெட் போட்ட விமானத்தின் பதிவெண்ணைத் தேடினால், 2002-ல் தயாரான ஏர்பஸ் ஏ320 என்று வருகிறது. கூடுதல் காசு கொடுத்து அதன் புது ரகமான நியோவுக்கு மாற்றலாமா? சின்னக் குழந்தைகள் வருகிறார்கள்.

பதில் 1:
வயதைவிட எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி விமானத்தின் உடல் லேசாக உப்பும், இறங்கினால் சுருங்கும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் 24,000 அடியில் கூரை பிய்ந்துபோன அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-க்கு வயது 19தான். ஆனால் தீவு விட்டுத் தீவு தாவியே 89,680 தடவை பறந்திருந்தது. வடிவமைப்பு இலக்கு 75,000.

பதில் 2:
அதோடு உப்புக்காற்று வேறு. தகடும் தகடும் சேரும் இடத்தில் பசை விட்டுப்போய் பாரம் முழுக்கத் தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகள் மேல் விழுந்தது. தகட்டின் கனமே 0.9 மி.மீ. தான். ரிவெட் தலை பதியக் குடைந்ததில் துளையின் விளிம்பு கத்திமுனை மாதிரி ஆகி, வரிசையாக மயிரிழை விரிசல்கள் விட்டு, ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. ஏறும்போதே ஒரு பயணி விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை! இப்போது இந்த மாதிரி இணைப்புகளை எட்டி கரண்ட் கருவி (உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிப்பது) வைத்துச் சோதிக்கிறார்கள்.

பதில் 3:
நான் பயப்படுவது வயதுக்கு இல்லை, சரியாகச் செய்யாத ஒட்டுவேலைக்கு. 1980-ல் ஹாங்காங்கில் வால் தரையில் உரசிய சைனா ஏர்லைன்ஸ் 747-க்குக் கீறல்களை முழுக்க நீக்காமல் மேலே தகடு வைத்து மூடினார்கள். அடியில் விரிசல் வளர்ந்தது, வெளியே தெரியவில்லை. 22 வருஷம் கழித்து 2002 மே 25-ல் நடுவானில் உடைந்து 225 பேர் போனார்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்போ புதுசுக்கு லாபமே இல்லையா?

பதில் 2:
இருக்கு. 16 மடங்கு புவியீர்ப்பு விசையைத் தாங்கும் இருக்கைகள் புது விமானத்தில் நிச்சயமாக இருக்கும். மலை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி, எதிர் விமான எச்சரிக்கை இரண்டையும் பழசிலும் பொருத்திவிடலாம். புதுசு என்பதாலேயே நம்பவும் முடியாது: 2018 அக்டோபரில் ஜாவா கடலில் விழுந்த லயன் ஏரின் போயிங் 737 மேக்ஸ் சேவைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பதில் 1:
நிறுவனத்தைப் பாருங்க. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறதா, சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் ஐயோசா எனும் பாதுகாப்புத் தணிக்கைப் பதிவில் இருக்கிறதா என்று தேட ஐந்து நிமிஷம் போதும். முதலாவதில் இல்லாமல் இரண்டாவதில் இருந்தால், நியோவுக்காகக் கூடுதல் காசு வேண்டாம். குழந்தைகளுக்குத் தனி சீட் போட்டு பெல்ட் மாட்ட அந்தக் காசைச் செலவழியுங்க.