மார்க்கெட் ரோடு சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

செல்வி அக்கா, காலை 7:12
மார்க்கெட் ரோட்டை 12 மீட்டர் ஆக்குற பிளானுக்கு லிங்க் வந்திருக்குங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள கருத்துப் போடணுமாம். வார்டு ஜனங்க கூடிப் பேசுற வார்டு சபை இந்தத் தடவையும் கூகுள் மீட்லதான்.

முருகேசன் மாமா, 7:20
அதென்ன இந்தத் தடவையும்? கொரோனா போயி எத்தன வருசமாச்சு!

ரஞ்சித் கோவை, 7:24
மீட்ல வெச்சாத்தான் மாமா எனக்கெல்லாம் தோது. முன்ன மத்தியானம் 3 மணிக்குக் கூப்பிடுவாங்க, நான் மில்லுல கெடப்பேன். 2020 லாக்டவுன்ல கேரளா பார்டர் வாளையார் செக்போஸ்ட்டை அடைச்சப்பக்கூட ஓடைத் தண்ணி விசயத்தை ஃபோன்லயே சொல்ல முடிஞ்சுது.

முருகேசன் மாமா, 7:31
உனக்குச் சரி கண்ணு. பூக்காரம்மா, மீன்காரர், ரோட்டோரம் கடை போடுறவங்க அத்தன பேரும் ஸ்கூல் வராந்தாவுல உக்காந்து சண்டை கட்டுவாங்க. மீட்ல யாரு இருந்தா? இருந்ததுலயும் பாதிப்பேரு மியூட்டு.

தேவகி டீச்சர், 7:40
ஃபாரத்தைத் திறந்து பார்த்தேன், முழுக்க மலையாளம். 2020 லாக்டவுன்லயும் இதே கூத்துதான். ஒரு திட்டத்தால சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்புன்னு முன்கூட்டியே பார்க்குற விதிகளோட வரைவை இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் போட்டுட்டு மத்திய அரசு கருத்துக் கேட்டுச்சு. டெல்லி ஐகோர்ட்டுதான் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, அரசியல் சட்டப் பட்டியல்ல இருக்குற 22 மொழியிலயும் பெயர்க்கச் சொல்லுச்சு. நமக்குக் கேரளாவோட 1969 ஆட்சிமொழிச் சட்டமே இருக்கு, தமிழ்லயே எழுதிக் கொடுக்கலாம்.

ரஞ்சித் கோவை, 7:44
இன்னொண்ணு டீச்சர். போன தடவை ஓடை பிளான் படத்தைக் குரூப்ல போட்டாங்கல்ல, பார்த்தாச்சுன்னு தம்ஸ்அப் போட்டோம். மினிட்ஸ்ல எல்லாரும் சம்மதிச்சதா இருக்கு!

முருகேசன் மாமா, 7:46
நான் கும்பிடு போட்டேனே. அதையுமா சேத்துட்டாங்க?

ரஞ்சித் கோவை, 7:46
😂😂 அது ரெண்டு ஓட்டு மாமா

செல்வி அக்கா, 7:55
லாக்டவுன்ல கம்யூனிட்டி கிச்சன் நடத்துனப்ப, எந்தச் சந்துல யாரு தனியா இருக்காங்க, யாரு எந்திரிச்சு நடக்க மாட்டாங்கன்னு சாப்பாட்டுப் பொதி கொண்டுபோன பிள்ளைகளுக்கு அத்துப்படி. நம்ம பெண்கள் குழு குடும்பஸ்ரீயோட நோட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. அக்கம்பக்கத்துப் பொண்ணுங்க கூடுற அயல்கூட்டத்துல பிரிச்சுக்கிட்டு வீடு வீடாப் போயி எழுதி வாங்கிருவோம்.

தேவகி டீச்சர், 8:02
நல்லது செல்வி. கூட்டத்தை ஸ்கூல்லயே வெச்சு, ரஞ்சித் மாதிரி ஆளுங்களை ஸ்பீக்கர்ல சேத்துக்கச் சொல்லி கவுன்சிலர்கிட்ட நான் பேசுறேன். தம்ஸ்அப் கணக்கு செல்லாதுன்னும் எழுதிக் கொடுப்போம்.

முருகேசன் மாமா, 8:09
அப்படியே அந்த 12 மீட்டர் என் திண்ணையில எதுவரைக்கும் வருதுன்னு சுண்ணாம்புல கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்க டீச்சரே. படத்தைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பார்த்தாலும் ஒண்ணும் வெளங்கல.

செல்வி அக்கா, 8:11
சாயங்காலம் டேப்போட வர்றேனுங்க மாமா.